பெயர்: அப்புறம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநோயாளிகள் கூடத்தின் ஒரு மூலையில் மார்பளவு உயரத்துக்குப் பலகை அடைத்த ஒரு தடுப்பு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மேசை, கழுத்து வளைந்த ஒரு மைக். காலை எட்டு மணிக்கு அதன் முன்னால் வந்து உட்கார்ந்தால் ஊர்ப்பட்ட பேர்களையெல்லாம் அவள்தான் கூப்பிட வேண்டும். சுற்றுப்பக்க ஊர்களுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி அது ஒன்றுதான். அதனால் அந்த வட்டாரத்தில் இருக்கிற அத்தனை பேர்களும் அவள் வாயில் ஒரு தடவையாவது புகுந்து புறப்பட்டிருக்கும். அவள் பேரை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கூப்பிட்ட மாதிரி இருக்காது. ஏனென்றால் அவள் பேர் அப்புறம்.

பட்டப்பேரும் இல்லை, செல்லப்பேரும் இல்லை. பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், அடையாள அட்டை, ஆஸ்பத்திரி வருகைப் பதிவேடு, எல்லாவற்றிலும் அப்புறம்தான். பேர் என்ன என்று யாராவது கேட்டு இவள் "அப்புறம்" என்றால், கேட்டவர் பேனாவை மூடிவிட்டு, சரி, அப்புறம் சொல்லட்டும் என்று இருந்துவிடுவார். உடனே இவள் "இல்லங்க, பேரே அதுதாங்க" என்று சொல்ல வேண்டும். இந்த ஐம்பத்தோரு வயதுக்குள் அந்த "பேரே அதுதாங்க"வை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாளோ தெரியாது. சின்ன வயதில் சொல்லக் கூசினாள். நடுவயதில் சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்போதெல்லாம் தும்மல் மாதிரி தானாக வந்துவிடுகிறது.

இப்படியொரு பேரை எந்தப் புண்ணியவான் வைத்தான் என்று கேட்கத் தோன்றும். யாரும் வைக்கவில்லை என்பதுதான் விஷயமே.

அவள் பிறந்த பதினோராம் நாள் அவளுடைய அப்பா பதிவு அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு அவளுடைய மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அப்பாவுக்கு வெளியூரில் ஒரு தகரப் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கால் தரையில் பாவாமல் நின்றாராம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா பேர்? சொன்னார். அம்மா பேர்? சொன்னார். ஆணா, பெண்ணா? பெண். குழந்தை பேர்?

"அப்புறம்" என்றார் அப்பா.

அப்புறமாக வந்து சொல்கிறேன் என்று அர்த்தம். அந்த மனுஷன் ஒரு தடவை தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். பார்க்கவில்லை. கட்டத்துக்குள் முத்து முத்தான எழுத்தில் அப்புறம் என்று எழுதி, மை காய ஊதி, முத்திரையைக் குத்திவிட்டார். எழுதியது என்ன என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற இரண்டு ஆண்பிள்ளைகளும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவருக்குப் பஸ் அவசரம், இன்னொருவருக்கு வெளியே நிறுத்தியிருந்த சைக்கிள் மேல் கவலை.

பஸ் ஏறுவதற்கு முன்னால் அப்பா வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டார். அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "பேர் குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"மனசுல ஒண்ணு வெச்சிருக்கேன். கேட்டா அசந்து போயிடுவ. அடுத்த மாசம் வந்து சொல்றேன். அதுவரைக்கும் பாப்பான்னே கூப்பிடு."

"இப்பவே சொன்னா என்னவாம்?"

"சொல்றேன், சொல்றேன். எங்க போயிடப் போறேன்?"

போய்விட்டார். முதல் மாதம் ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் அதுவும் இல்லை. மாமா இரண்டு தடவை அந்த ஊருக்குப் போய்த் தேடினார். ஆள் வேலையை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டதாகப் பட்டறையில் சொன்னார்கள். எங்கே என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் சான்றிதழை வாங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு அம்மா அலுவலக வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திருத்தித் தரச் சொல்லி ஜன்னலில் கேட்டதற்கு, "அப்பா கையெழுத்து வேணும்மா. அவர அப்புறமா கூட்டிட்டு வாங்க" என்று பதில் வந்தது. பள்ளிக்கூடத்திலோ தலைமையாசிரியை கண்டிப்பானவர். சான்றிதழில் இருப்பதுதான் பேர், அதற்கு மேல் ஓர் எழுத்துக்கூட இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து வருகை எடுக்கும்போது டீச்சர் "அப்புறம்" என்பார், முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "அப்புறம் என்ன டீச்சர்?" என்று கத்துவார்கள். பத்து வருஷம் இது நடந்தது. பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட அலுக்கவில்லை.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நாமளே ஒரு பேர வெச்சிடுவோம். ஊர்ல பேருக்கா பஞ்சம்? வக்கீல் ஒருத்தர் இருக்காரு, கையெழுத்தெல்லாம் வேணாம், வேற வழி இருக்குன்னு சொல்றாரு."

"அவரு ஒரு பேர் வெச்சிருக்காருடா. வந்து சொல்லுவாரு."

"அவரு வந்து கிழிச்சாரு!"

"வருவாருடா. நாம வேற பேர் வெச்சிட்டோம்னா, அப்ப அவரு வர மாட்டாருன்னு நாமளே முடிவு பண்ணின மாதிரி ஆயிடாதா?"

கோபப்படுவதென்றால் அந்த அப்பா மேல் எவ்வளவு வேண்டுமானாலும் படலாம். ஆனால் இந்த அம்மா மேலும் கொஞ்சம் படத்தான் வேண்டியிருக்கிறது. புருஷன் வருவான் என்ற நம்பிக்கையை வைக்க அவளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை, கொண்டுபோய்ப் பெற்ற பெண்ணின் பேரில் வைத்தாள். பாத்திரம் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, வாய் அந்தப் பேரைத்தான் தேடிக்கொண்டிருக்கும். "அசந்து போயிடுவேன்னாரே. சாதாரணப் பேரா இருக்காது. யாருக்குமே இல்லாத பேரா இருக்கும்." பெண்ணும் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாள். யாருக்குமே இல்லாத ஓர் அழகான பேர் தனக்காக எங்கேயோ ஒருவர் மனசுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பினாள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு பிள்ளையை நாசமாக்க இது போதும்.

இருபத்திரண்டு வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லேத் பட்டறைக்காரர், தங்கமான மனுஷன். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தார்கள். மணமகள் பேர் இருக்க வேண்டிய இடத்தில் "அப்புறம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்த அச்சகத்துக்காரர், பேரை அப்புறம் சொல்வார்கள்போல என்று அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்தார். யாரும் வந்து சொல்லவில்லை. நாள் நெருங்கிவிட்டது. அப்படியே அச்சடித்துவிட்டார். இருநூறு பத்திரிகைகளில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வெற்றுத்தாள். வந்தவர்களெல்லாம் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிப் போனார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். கடைசிவரைக்கும் அவர் அவளை "இந்தாம்மா" என்றே கூப்பிட்டார். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை.

குழந்தை உண்டானபோது அவள் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். பிறக்கும் முன்பே பேர் வைத்துவிட வேண்டும். மூன்றாம் மாதமே பெண்ணுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று என்று இரண்டு பேர்களைத் தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பையன் பிறந்தான். இதே ஆஸ்பத்திரியில்தான். இரண்டு நாள் இருந்தான். அவளுக்கு நினைவு தெளிந்து, தாளை எடுத்து நீட்டுவதற்குள் போய்விட்டான். வார்டு பதிவேட்டில் தாயின் பேர் அப்புறம். பேர் வைக்காத குழந்தைக்கு அங்கே வழக்கமாக எழுதுவதும் அப்புறம். ஒரே பேர் இரண்டு வரியில் இருப்பதைப் பார்த்த யாரோ, தவறுதலாக இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக் குழந்தையின் வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். அவள் அதைப் பார்த்தாள். அடித்தது தப்பு என்று சொல்லத் திராணி இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கு அப்புறம் குழந்தை இல்லை. நான்கு வருஷத்தில் கணவரும் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். குரல் கணீரென்று இருந்ததால் ஏழு வருஷம் கழித்து மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். அது என்ன பெரிய வேலை என்று நினைக்கக் கூடாது. டாக்டர் அறையிலிருந்து சீட்டு வரும். பேரைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு பேரையும் மூன்று தடவை, நடுவில் பத்து எண்ணும் நேரம் விட்டு. மூன்று தடவைக்கும் ஆள் எழுந்து வரவில்லையென்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். சீட்டைப் பக்கத்துக் கம்பித் தட்டில் போட்டுவிட வேண்டும். அந்தத் தட்டின் மேல் யாரோ ஒரு வேடிக்கைக்காரர் "அப்புறம்" என்று எழுதி ஒட்டிவைத்திருந்தார். மைக்கக்கா அதைக் கிழிக்கவில்லை. உள்ளதைத்தானே எழுதியிருக்கிறான் என்று விட்டுவிட்டாள்.

பிறர் பேர்களை அவ்வளவு கூப்பிட்டதில் அவளுக்குப் பேர்களைப் பற்றி எல்லாம் அத்துப்படி. எந்த வருஷம் எந்தப் பேருக்கு மவுசு, எது சீக்கிரம் சலித்துப் போகும், எதைக் கூப்பிட்டால் ஒரு கிழவி எழுந்து வருவாள், எதற்கு ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், எல்லாம் தெரியும். குறிப்பாக ஒரு பேர் இருந்தது. ஐம்பது வருஷமாக மவுசு குறையாத பேர். அதைக் கூப்பிட்டாலே கூடத்தில் மூன்று பெண்கள் எழுந்து நிற்பார்கள். அப்பா பேர் சொல்லி, வயது சொல்லி அவர்களைப் பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். பெற்றவர்களுக்கு வேறு பேரே கிடைக்கவில்லையா என்று மைக்கை மூடிக்கொண்டு திட்டுவாள்.

வேறு நல்ல வேலைகள் வந்தும் அவள் அந்த நாற்காலியை விடவில்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. மனுஷன் என்று ஒருத்தன் இருந்தால் வயதான காலத்தில் என்றைக்காவது ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்துதானே ஆக வேண்டும்? அப்பாவின் பேர் அவளுக்குத் தெரியும். இனிஷியல் தெரியும். என்ன வயது இருக்கும் என்றும் தெரியும். அவள் பிறப்பதற்கு முன்பே தகரம் வெட்டும் மெஷினில் வலது கை மோதிர விரல் பாதி போய்விட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. கடைசி நாள்களில்கூட, "கேட்டு வெச்சுக்கோ, அவரு மட்டும்தான் சொல்ல முடியும்" என்றாள். இதுவரைக்கும் அந்தப் பேரில், அந்த இனிஷியலில் பதினோரு பேர் வந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். வருகிறவரின் கையைப் பார்ப்பாள். பத்து விரலும் முழுசாக இருக்கும்.

போன வருஷம் பதிவு அறையில் கம்ப்யூட்டர் பார்க்கும் கண்ணாடிக்காரப் பெண் விளையாட்டாக ஒன்று செய்தாள். "அக்கா, உங்க பேரு எத்தன பேருக்கு இருக்குன்னு பாப்போமா?"

"என்னத்தப் பாக்கறது? நான் ஒருத்திதான்."

அந்தப் பெண் தட்டினாள். "அம்மாடி! நாலாயிரத்து எழுநூறு சொச்சம்! ஆஸ்பத்திரியிலேயே உங்க பேருதான்க்கா நம்பர் ஒன்!"

பழைய பதிவேட்டோடு அந்த வழக்கம் போய்விட்டது என்று நினைத்திருந்த மைக்கக்கா நம்பாமல் எட்டிப் பார்த்தாள். திரை முழுக்க அப்புறம், அப்புறம், அப்புறம் என்று வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது.

"பிரசவ வார்டுல போடறதுதான்க்கா. பேர் கட்டத்தக் காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்ததுக்குப் போகாது. அதனால எல்லாக் குழந்தைக்கும் மொதல்ல அப்புறம்னு அடிச்சிடுவோம். பேர் வெச்சதும் பெத்தவங்க வந்து மாத்திக்குவாங்க. பழைய பேர் அடியில நின்னுடும், அதத்தான் இது காட்டுது."

"மாத்தாம விட்டதும் இருக்கா?"

பெண்ணின் குரல் இறங்கியது. "இருக்கு. பேர் வெக்கறதுக்கு முன்னாடியே போயிடற குழந்தைங்க. அதுங்களுக்கு அப்படியே நின்னுடும்க்கா." சொல்லிவிட்டு, சங்கடத்தை மாற்றுவதற்காகச் சிரித்தாள். "உசுரோட இருக்கறதுல நீங்க ஒருத்தர்தான்!"

மைக்கக்காவும் சிரித்து வைத்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் விளக்கைப் போடத் தோன்றவில்லை. ஊரில் பிறக்கிற எல்லாரும் நாலு நாள் தன் பேரோடு இருந்துவிட்டுப் போகிறார்கள். தங்கிவிட்டது செத்த குழந்தைகளும் தானும்தான். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

பன்னிரண்டாவது சீட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அதே பேர், அதே இனிஷியல், வயது எழுபத்தாறு, இருதயப் பிரிவு. கூப்பிட்டாள். பத்து எண்ணினாள். யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் மெலிந்த கிழவர். கம்பளித் துணியின் மேல் வலது கை கிடந்தது. மோதிர விரல் பாதிதான் இருந்தது.

மைக்கக்கா சீட்டைக் கீழே போட்டுவிட்டாள். பொறுக்கி எடுத்து அடுத்த பேரைக் கூப்பிட்டாள். ஒரு மணிவரைக்கும் எழுபது பேர்களைக் கூப்பிட்டாள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் தேடிக்கொண்டு போனாள். மறுநாள் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். படுக்கை காலியாகும்வரை மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் காத்திருந்தார்கள். கிழவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நீங்கதானே மைக்ல கூப்பிட்டது? அப்பாவுக்குக் காது மந்தம். மூணாவது தடவதான் எனக்கே கேட்டுச்சு. நல்லவேளை, சீட்ட ஒதுக்கிடல."

"உங்க அப்பாவா?"

"ஆமா. நான் ஒரே பொண்ணு. அதான் எல்லாத்துக்கும் நானே அலையறேன்."

மைக்கக்கா சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை. "உங்க பேரென்னம்மா?"

அந்தப் பெண் சொன்னாள். மூன்று பெண்கள் எழுந்து நிற்கும் அந்தப் பேர்தான். அன்று காலையில் மட்டும் மைக்கக்கா அதை நான்கு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"மனசுக்குள்ள சிரிக்கறீங்க, தெரியுது. ஸ்கூல்ல நாங்க அஞ்சு பேர் இருந்தோம். என்னைய குட்டைன்னு சொல்லித்தான் பிரிச்சாங்க. வேற பேரே கிடைக்கலியாப்பான்னு எத்தன தடவ சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? இது ரெண்டு குழந்தைக்குச் சேத்து வெச்ச பேருடீம்பாரு."

"ரெண்டு குழந்தையா?"

"அப்பாவுக்கு இது ரெண்டாங்கல்யாணம். மொதல்ல ஒரு சம்சாரம் இருந்தாங்களாம். பிரசவத்துல தாயும் பிள்ளையும் போயிட்டாங்களாம். அந்தக் குழந்தைக்குன்னு ஆசையா மனசுல வெச்சிருந்த பேராம் இது. அதையே எனக்கு வெச்சிட்டாரு. பாவம், அதுக்குக் குடுத்து வெக்கல. இப்பகூட அதப் பத்திப் பேச்செடுத்தா அவரு கண்ணு கலங்கிடும்."

செத்த பிள்ளைக்காக அழுவது ரொம்பச் சுலபம். அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டாம். எந்த ஜன்னலிலும் நின்று கையெழுத்துப் போட வேண்டாம். கண் கலங்கினால் போதும், நல்லவன் என்று பேரும் கிடைத்துவிடும். மைக்கக்காவுக்கு இதெல்லாம் அப்போது தோன்றவில்லை. அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாள். யாருக்குமே இல்லாத பேராக இருக்கும் என்று பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்ன அம்மா. இதற்காகவா என்று இருந்தது. இந்த ஒரு பேருக்காகவா.

"அக்கா, கொஞ்சம் பாத்துக்கறீங்களா? படுக்க ஆயிடுச்சான்னு கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்து போனாள். போகிறபோது அப்பாவின் கம்பளியை இழுத்து விட்டுவிட்டுப் போனாள்.

சத்தத்தில் கிழவர் விழித்துக்கொண்டார். பக்கத்தில் இருப்பவளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீ யாரும்மா? நர்ஸா?"

"இல்லங்க. பேர் கூப்பிடறவ." காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள்.

"ஓ. நல்ல குரல். என் பேர இவ்வளவு தெளிவா யாரும் கூப்பிட்டதில்ல." அவர் சிரித்தார். பல்லில்லாத, பிரியமான சிரிப்பு. "உன் பேரென்னம்மா?"

ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று உண்டு. அதில் முதல் கேள்வி, என்ன பேர் வைத்திருந்தீர்கள் என்பது. அதற்குப் பதில் கிடைத்தாகிவிட்டது. இனிச் சொல்ல மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் சாகவில்லை, இருக்கிறேன். அதைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கேட்டது பேரை அல்லவா? பேர்தான் வந்தது.

"அப்புறம்."

"அப்புறமா?" கிழவர் தலையை ஆட்டினார். "சரிம்மா, அப்புறமே சொல்லு. எங்க போயிடப் போறேன்?"

"பேரே அதுதாங்க" என்று சொல்ல வேண்டிய இடம். எத்தனையோ ஆயிரம் தடவை தானாக வந்த வாக்கியம். இந்தத் தடவை வரவில்லை. சொன்னால் அவர் ஏன் அப்படியொரு பேர் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், வருஷக்கணக்காக அழுது அடக்கம் செய்த பிள்ளை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். நாளைக்கு நெஞ்சை அறுக்கப் போகிறார்கள். பாவம் பார்த்தாளா, பயந்தாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் மகள் வந்துவிட்டாள். வார்டு ஆள் வந்து சக்கரத்தின் பூட்டை விலக்கி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். லிப்ட் மூடும்போது கிழவர் அந்தப் பாதி விரல் கையைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் வார்டு வாசல்வரை போனாள். உள்ளே ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் இருந்தார். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். வியாழக்கிழமை போனபோது கண் விழித்திருந்தார், மகள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மைக்கக்கா கதவோரமாக ஐந்து நிமிஷம் நின்றாள். இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நினைத்த மறுகணம் அவளுக்குத் திக்கென்றது. பிறர்தான் இத்தனை காலமும் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது தானும் சொல்லிவிட்டாள். ஆனாலும் உள்ளே போகவில்லை. படியிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்வதற்காக, வார்டில் இருப்பவர்களின் வழக்கமான பட்டியல் வந்தது. ஆறாவது வரியில் இருந்த அவர் பேரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. விடியற்காலையில் போய்விட்டதாகப் பட்டியல் கொண்டுவந்த ஆயா சொன்னாள். "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் மைக்கக்கா.

கூடம் நிரம்பிவிட்டது. சீட்டுகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். பத்து மணி வாக்கில் கிழவர் மகளின் அந்தப் பேர் வந்தது. ஆறு வயதுக் குழந்தை, மூன்று நாளாகக் காய்ச்சல். கூப்பிட்டாள். வழக்கம்போல மூன்று பேர் எழுந்தார்கள். வயதைச் சொன்னதும் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் அறைக்குள் போய்விட்டாள்.

மைக்கக்கா பத்து எண்ணினாள். மறுபடியும் அதே பேரைக் கூப்பிட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை. பதிவு அறை ஜன்னலிலிருந்து கண்ணாடிக்காரப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, அவங்க உள்ள போயிட்டாங்க" என்றாள்.

மைக்கக்கா பத்து எண்ணினாள். இன்னொரு தடவை, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்கும்படி அந்தப் பேரைக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. மூன்று தடவை ஆகிவிட்டது. அடுத்த சீட்டை எடுத்தாள்.